பெட்ரோல் நிரப்பினால் பிடிக்காத இயந்திரம்: காக்கி புக்கிட் பட்டறை பற்றிய என் மதிப்பீடு

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் இருக்கும் இந்தக் கார் பட்டறையைப் பற்றி நல்லதாகத்தான் எழுதப் போகிறேன். ஆனாலும் இங்கே போக நினைப்பவர்கள் பொறுமையையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் பதில் வந்தது. அதற்குப் பிறகும் ஐந்து நாள் தள்ளித்தான் நேரம் ஒதுக்கினார்கள். ஆனால் ஆறு மாதமாக இரண்டு பட்டறைகள் கண்டுபிடிக்காத கோளாற்றை இவர்கள் ஒரே முற்பகலில் கண்டுபிடித்தார்கள். மாற்றத் தேவையில்லாத பாகத்தை மாற்ற வேண்டாம் என்று அவர்களே சொன்னதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

என்னுடையது 1.6 லிட்டர் பெட்ரோல் கார், வயது பன்னிரண்டு. பத்தாம் ஆண்டு முடிவில் வாகன உரிமைச் சான்றிதழை (இங்கே கார் வைத்திருக்கத் தேவையான சிஓஇ) ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தேன். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்ததை மறுபடியும் நீட்டிக்க முடியாது என்பதால், இன்னும் மூன்று ஆண்டுகளில் அந்தக் கார் எப்படி ஓடினாலும் அதன் பதிவை நீக்கியாக வேண்டும். இப்படி நாள் குறிக்கப்பட்ட காருக்கு எவ்வளவு செலவழிப்பது என்ற கணக்கு, பட்டறை வாசலில் நிற்கும்போதெல்லாம் என் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த மதிப்பீட்டையும் அந்தக் கணக்கோடுதான் எழுதுகிறேன்.

கோளாறு இதுதான். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் நன்றாகவே சுழலும், இயந்திரம்தான் பிடிக்காது. பல நாள் காலையில் ஒரே முயற்சியில் பிடித்துவிடும். சில நாள் மட்டும் 5, 6 விநாடி சுழன்று, இருமி, நடுங்கி, பிறகு மனமில்லாமல் பிடிப்பது போலப் பிடிக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் காலை 6 மணிக்கு அந்தச் சத்தம் எப்படி எதிரொலிக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் எந்தக் குறையும் இருக்காது. முகப்புப் பலகையில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை.

முதலில் போன பட்டறையில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். பேட்டரிக்கு இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. நம் ஊர் வெயிலில் பேட்டரி நீண்ட நாள் தாங்குவதில்லை என்பதால் எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. 180 வெள்ளி (டாலர்) கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பழையபடியே இருமல் தொடங்கியது. இரண்டாவது பட்டறையில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் 96 வெள்ளிக்கு மாற்றினார்கள். அதற்கும் மசியாதபோது தொட்டிக்குள் இருக்கும் எரிபொருள் பம்பு தேய்ந்துவிட்டது என்று சொல்லி, அதை மாற்ற 520 வெள்ளி ஆகும் என்றார்கள். பம்பை அவர்கள் சோதித்துப் பார்க்கவில்லை. காரின் வயதைக் கேட்டார்கள், அவ்வளவுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

காக்கி புக்கிட்டில் பட்டறைகள் மட்டுமே நிறைந்த பலமாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் இந்தப் பட்டறை இருக்கிறது. உரிமையாளர் அறுபது வயதைத் தாண்டிய சீனர்; எல்லாரும் அங்கிள் என்றே கூப்பிடுகிறார்கள். அவரிடம் வேலை செய்யும் மெக்கானிக், மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து (ஜேபி) நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வந்து போகும் ஒரு தமிழ் இளைஞர். நான் போனதும் அவர் காரின் மூடியைத் திறக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கால் மணி நேரம் கேள்விகள்தான் கேட்டார்.

ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுழல்கிறதா, வேகமாகச் சுழன்றும் இயந்திரம் பிடிக்கவில்லையா என்பது முதல் கேள்வி. மந்தமாகச் சுழன்றால் பேட்டரி, அதன் முனைகள், எர்த் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார் என்ற பக்கம் தேட வேண்டும். நன்றாகச் சுழன்றும் பிடிக்காவிட்டால் பெட்ரோல், தீப்பொறி, காற்று, சென்சார் என்ற பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு கேள்வியை முதல் பட்டறை கேட்டிருந்தால் என் 180 வெள்ளி மிச்சமாகியிருக்கும். இரவெல்லாம் நிறுத்திய பிறகு பிடிக்கவில்லையா, ஓட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்திய பிறகா என்பது அடுத்த கேள்வி. இரண்டு விதமாகவும் நடக்கிறது என்றேன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிடிக்கிறதா என்று கேட்டார். எரிச்சலில் ஒருநாள் மிதியை அடிவரை அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பியபோது சட்டென்று பிடித்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. இன்ஜெக்டர் உள்ள பெரும்பாலான கார்களில் மிதியை முழுவதும் அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்தால், இயந்திரத்தில் பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று கணினி எடுத்துக்கொண்டு இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும். காற்று வரும் வழியும் முழுவதுமாகத் திறக்கும். அப்படிச் செய்தால் பிடிக்கிறது என்றால் இயந்திரம் பெட்ரோல் போதாமல் தவிக்கவில்லை, கூடிப்போய்த் திணறுகிறது என்று பொருள். எரிபொருள் பம்பு தேய்ந்திருந்தால் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்திருக்கும்.

பிறகு, நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி வந்தது. “பெட்ரோல் ஊற்றின பிறகுதான் இப்படி ஆகுதாண்ணே?” எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை கார் பிடிக்காதபோதும் என் மனைவி வாட்ஸ்அப்பில் முறையிட்டிருந்தார். பெட்ரோலுக்கு அட்டையில் பணம் கட்டிய நாள்களோ வங்கிச் செயலியில் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஐந்து முறையீடுகளில் நான்கு, பெட்ரோல் நிரப்பிய அன்றோ மறுநாள் காலையோ வந்திருந்தன. ஆறு மாதமாக என் கைப்பேசியிலேயே கிடந்த விடை அது.

அப்படியிருந்தும் இளைஞர் அந்த ஊகத்தின் பின்னால் உடனே ஓடவில்லை. முந்தைய நாள் இரவே காரைக் கொண்டுவந்து விடச் சொல்லியிருந்ததால் இயந்திரம் முழுவதும் ஆறியிருந்தது. முதலில் பேட்டரியைப் பார்த்தார். ஓய்வில் 12.6 வோல்ட், ஸ்டார்ட் செய்யும்போது 10.4 வோல்ட் காட்டியது. ஸ்டார்ட் செய்யும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றார். போகிற போக்கில், புதிய பேட்டரியின் ஒரு முனையை முன்பு மாற்றியவர்கள் சரியாக இறுக்கவில்லை என்று சொல்லி இறுக்கிவிட்டார். அடுத்து ஸ்கேனரை இணைத்தார். பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை. குறியீடு இல்லை என்பதாலேயே கோளாறும் இல்லை என்று அவர் ஸ்கேனரை மூடி வைத்துவிடாமல், சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் அளவுகளைத் திறந்தார். குளிர்நீர் வெப்பநிலை 29 பாகை, உள்ளே வரும் காற்று 30 பாகை. இரவெல்லாம் நின்ற காரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். குளிர்நீர் சென்சார் பழுதாகி 80, 90 என்று காட்டினால், இயந்திரம் ஏற்கெனவே சூடாக இருக்கிறது என்று கணினி ஏமாந்து பெட்ரோலைக் குறைத்துவிடும். என் காரில் அந்தச் சந்தேகம் அதோடு தீர்ந்தது.

எரிபொருள் குழாயில் அழுத்தமானியைப் பொருத்தியதுதான் எனக்கு முக்கியமான கட்டமாகப் பட்டது, ஏனென்றால் 520 வெள்ளி அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அளவு 3.5 பார் (அழுத்த அலகு) காட்டியது. இந்த இயந்திரத்துக்கு வேண்டியதும் அதுவேதான். இயந்திரத்தை நிறுத்தி, மானியை அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். பம்புக்குள் இருக்கும் தடுப்பு வால்வு கசிந்தால், நிறுத்திய சில நிமிடங்களிலேயே அழுத்தம் இறங்கிவிடும். பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பிவிடுவதால் அடுத்த முறை இயந்திரம் பிடிக்க நேரமாகும். இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தபோது முள் 2.8 பாரில் நின்றது. பன்னிரண்டு ஆண்டு ஓடிய பம்புக்கு இது நல்ல அளவு என்றும், நானே பணம் கொடுத்து மாற்றச் சொன்னாலும் அவர் மாற்றப் போவதில்லை என்றும் சொன்னார்.

அதன் பிறகுதான் பெட்ரோல் நிலையத்துக்குப் போனோம். அரைத் தொட்டிக்கும் குறைவான பெட்ரோலோடு வரச் சொன்னது எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது. கோளாற்றைத் தம் கண்முன்னே நிகழ வைத்த பிறகே கை வைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். தொட்டியை நிரப்பிப் பட்டறைக்குத் திரும்பி, இயந்திரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருந்து சாவியைத் திருப்பினேன். 5 விநாடி சுழன்று, வழக்கமான இருமலோடு பிடித்தது. புகைக்குழாயில் பச்சைப் பெட்ரோல் வாடை அடித்தது. மறுபடியும் நிறுத்தினோம். இயந்திரத்தின் காற்றுப் பாதைக்குப் போகும் விரல் பருமனான ஒரு ரப்பர் குழாயைப் பிடிகருவியால் நெரித்துப் பிடித்துக்கொண்டு, மீண்டும் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஒரே விநாடியில் பிடித்தது. நெரித்ததை எடுத்துவிட்டுச் செய்தபோது பழையபடி இருமியது. மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்து காட்டினார். ஆறு மாதத்தில் முதல் முறையாக, கோளாறு எங்கே இருக்கிறது என்பதை நானே கண்ணால் பார்த்தேன்.

அந்தக் குழாயின் மறுமுனையில் இருப்பது பர்ஜ் வால்வு. பெட்ரோல் தொட்டியில் எழும் ஆவி வெளியே போய்க் காற்றை மாசுபடுத்தாமல் இருக்க, அதைக் கரித்துண்டுகள் நிறைந்த ஒரு பெட்டியில் சேமித்து வைப்பார்கள். கேனிஸ்டர் என்பது அதன் பெயர். இயந்திரம் சூடாகி ஓடும்போது கணினி இந்த வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து, சேர்ந்த ஆவியை இயந்திரத்துக்குள் இழுத்து எரித்துவிடும். மற்ற நேரங்களில் வால்வு மூடியே இருக்க வேண்டும். என் காரில் அது மூடாமல் பாதி திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. தொட்டியில் பெட்ரோல் நிரப்பும்போது அங்கிருந்த ஆவியில் ஒரு பகுதி கேனிஸ்டருக்குத் தள்ளப்படுகிறது. அது திறந்த வால்வு வழியாக இயந்திரத்தின் காற்றுப் பாதையில் போய்த் தேங்குகிறது. சாவியைத் திருப்பும்போது இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோலோடு இந்த ஆவியும் சேர்ந்துகொள்வதால் கலவை அளவுக்கு மீறிக் கனத்து, தீப்பொறி இருந்தும் பற்றாமல் போகிறது. முன்பு ஸ்கேனரில் பார்த்த அளவுகளில், கணினி பெட்ரோலை 16 விழுக்காடு குறைத்துக்கொண்டிருந்ததாகத் தெரிந்ததும் இதனால்தான். கேட்காமலேயே எங்கிருந்தோ வரும் பெட்ரோலை அது அப்படித்தான் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறது.

வால்வைக் கழற்றி என்னிடமே கொடுத்து ஊதிப் பார்க்கச் சொன்னார். மின்சாரம் இல்லாதபோது காற்று போகக்கூடாத வால்வில் காற்று தாராளமாகப் போயிற்று. அதை வெள்ளைக் காகிதத்தின்மேல் தட்டியபோது கரித்தூள் கொட்டியது. அங்கேதான் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஜேபியில எண்ணெய் ஊத்துவீங்களா? சிங்கப்பூர் கார்க்காரங்க நின்ன பிறகும் ஆட்டி ஆட்டி ஊத்துறத நான் தினமும் பார்க்கிறேண்ணே.”

மறுப்பதற்கில்லை. சிங்கப்பூரில் பதிவான கார் தரைவழியாக மலேசியாவுக்குப் போக வேண்டுமானால் தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். அங்கே மானிய விலை ரோன்95 பெட்ரோல் நமக்குக் கிடையாது. ரோன்97தான் போட வேண்டும். அப்படியும் இங்கே இருப்பதைவிட மலிவு. போனபோது முக்கால், திரும்பும்போது நிரப்ப மிஞ்சியது ஏறத்தாழக் கால் தொட்டிதான். அந்தக் கால் தொட்டியில் ஒரு சொட்டு இடமும் வீணாகக்கூடாது என்று, பம்பு தானாக நின்ற பிறகும் நான்கைந்து முறை அழுத்தி ஊற்றுவதை மாதந்தோறும் ஒரு சடங்கு போலச் செய்துவந்தேன். பம்பு தானாக நிற்பதே ஆவிக்கும் வெப்பத்தில் விரியும் பெட்ரோலுக்கும் இடம் விடத்தான். அதற்குமேல் ஊற்றினால், ஆவி போக வேண்டிய குழாயில் திரவப் பெட்ரோலே போய்க் கேனிஸ்டரை நனைக்கிறது. நனைந்த கரி நாளடைவில் உடைந்து தூளாகி வால்வில் வந்து சிக்குகிறது. சில வெள்ளியை மிச்சப்படுத்தியதாக நினைத்துக்கொண்டிருந்த நான் அந்தக் காகிதத்தில் கிடந்த தூளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேனிஸ்டரையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். அதைக் கழற்றி, கையில் எடைபார்த்து, குலுக்கி, உள்ளே திரவப் பெட்ரோல் தேங்கவில்லை என்று உறுதி செய்தார். குழாயைக் காற்றடித்துச் சுத்தம் செய்தார். ஒரு மாதம் ஓட்டிவிட்டு வந்தால் வால்வைக் கழற்றிப் பார்ப்பதாகவும், மறுபடியும் தூள் வந்திருந்தால் மட்டுமே கேனிஸ்டரைப் பற்றிப் பேசலாம் என்றும் சொன்னார். ஐந்து வாரம் கழித்துப் போனேன். காகிதத்தில் ஒன்றும் விழவில்லை. அந்தச் சோதனைக்குப் பணம் வாங்கவில்லை.

செலவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோதனைக் கட்டணம் 70 வெள்ளி, காரைத் தயாரித்த நிறுவனத்தின் அசல் வால்வு 128 வெள்ளி, கூலி 45 வெள்ளி. மொத்தம் 243 வெள்ளி. தைவான் தயாரிப்பு வால்வு 65 வெள்ளிக்குக் கிடைக்கும் என்று அவர்களே சொன்னார்கள். மூன்று ஆண்டு ஓடினால் போதும் என்ற காருக்கு அதுவே போதுமோ என்று நான் தயங்கியதும் உண்மை. இந்தச் சோதனைக் கட்டணத்தைப் பற்றிச் சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். கோளாற்றைச் சரி செய்ததற்குத்தான் பணம் கொடுக்கலாம், தேடியதற்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. தேடுவதற்குக் கூலி வாங்காத பட்டறை, பாகத்தை விற்றுத்தான் பிழைத்தாக வேண்டும். அங்கே ஒவ்வொரு சந்தேகமும் ஒரு பாகமாக மாறி நம் தலையில் விழுகிறது. நான் முன்னால் இரண்டு இடங்களில் கொடுத்த 276 வெள்ளியில் யாரும் எதையும் தேடவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. உட்காருவதற்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு மின்விசிறியும்தான். பிற்பகல் வெயிலில் மேல்தளம் அடுப்பாகக் கொதிக்கிறது. மேலே ஏறும் சரிவுப்பாதை குறுகலானது, பெரிய கார்க்காரர்கள் கண்ணாடியை மடக்கிக்கொள்வது நல்லது. தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. அசல் வால்வு கடையில் இல்லாததால் வரவழைக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் கார் அங்கேயே நின்றது. முதலில் எழுதிக் கொடுத்த ரசீதில் பாகம், கூலி என்று பிரிக்காமல் ஒரே தொகை மட்டும் இருந்தது. நான் கேட்ட பிறகுதான் அங்கிள் முணுமுணுத்துக்கொண்டே பிரித்து எழுதினார். வால்வுக்கு மூன்று மாத உத்தரவாதம் என்று வாயால் சொன்னதையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். நீங்களும் மறக்காமல் அப்படிச் செய்யுங்கள். கழற்றிய பழைய வால்வை மட்டும் நான் கேட்காமலேயே பையில் போட்டுத் தந்தார்கள்.

தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் அந்த இளைஞர் இருக்கும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும். அங்கிள் சீனமும் மலாயும் கலந்த ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பேசுவார். கோபக்காரர் போலத் தோன்றும், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்கமாட்டார். எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது போன்ற அவசர வேலைகளுக்கு இங்கே காத்திருப்பதில் பொருளில்லை. அதே கட்டடத்தில் அரை மணி நேரத்தில் முடித்துத் தருபவர்கள் பலர் இருக்கிறார்கள். எங்கே பழுது என்றே தெரியாத கார்களுக்குத்தான் இந்த இடம் சரிப்பட்டு வரும்.

கார் இப்போது மூன்று மாதமாக ஒரு விநாடியில் பிடிக்கிறது. ஸ்டார்ட் ஆவதில் சிக்கல் என்று போகிறவர்கள் முந்தைய நாள் மாலையே காரை விட்டுவிட்டு வர அனுமதி கேளுங்கள். தொட்டியில் பாதிக்குக் குறைவாகப் பெட்ரோல் இருக்கட்டும். எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு, எதற்குப் பிறகு பிடிக்கவில்லை என்று ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை பிற்பகல் 1 மணிக்கே கதவை இறக்கிவிடுவார்கள்.